கடைக்காரர் சொன்னதைத் தேவைப் பட்டியலாக்குவது எப்படி: கடலூர், புதுச்சேரியில் புதிதாக மென்பொருள் செய்ய இறங்குபவர்களுக்கு

உள்ளூர் வியாபாரத்துக்கு மென்பொருள் செய்து கொடுக்க இறங்கியிருக்கிறீர்கள். புரோகிராம் கோடு (code) எழுதத் தெரியும், டேட்டாபேஸ் தெரியும். ஆனால் நீங்கள் மாட்டிக்கொள்ளப் போவது அங்கே இல்லை, அதற்கு முந்தின கட்டத்தில். முதலாளி ஒன்று சொல்வார், கணக்குப்பிள்ளை வேறு சொல்வார், ஆடிட்டர் போனில் மூன்றாவது ஒன்று சொல்வார். எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்து குவிந்திருக்கும். அதிலிருந்து எதைக் கட்டுவது? இந்தக் கட்டத்தில் மாதக்கணக்கில் இழுபட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தேவைகளைக் கேட்டு வாங்குவது கடினமே இல்லை, கேட்காமலேயே கொட்டுவார்கள். அவற்றை உடைத்து, வகை பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொறுப்பாளரையும் ஒரு சோதனையையும் கட்டிவிடுவதுதான் வேலை. பொறுப்பாளரும் சோதனையும் இல்லாத வரி வெறும் பேச்சு. அதைக் கோடாக மாற்றாதீர்கள்.

இரண்டு கடைகளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ஒன்று, கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் கமிஷன் கடை. இன்னொன்று, புதுச்சேரியில் படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கும் மொத்தக் கடை. கடைக் கணக்கில் வரும் தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை.

1. எல்லையை ஒரே தாளில் போடுங்கள்

முதல் சந்திப்பு முடிந்ததும் ஒரு ஏ4 தாளின் நடுவில் கட்டம் வரையுங்கள். அதுதான் நீங்கள் செய்யப்போகும் மென்பொருள். அதோடு கொடுக்கல் வாங்கல் உள்ள ஆட்களையும் பொருட்களையும் சுற்றிலும் எழுதுங்கள்: முதலாளி, கணக்குப்பிள்ளை, ஏலம் கூறுபவர், படகு உரிமையாளர், மீன் எடுக்கும் வியாபாரி, ஆடிட்டர், எடை மெஷின், டேலி (கடையில் ஏற்கெனவே ஓடும் கணக்கு மென்பொருள்), வங்கி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி, அதன்மேல் என்ன போகிறது, என்ன வருகிறது என்று ஒரு சொல்.

தாளின் கீழ்ப்பாதியில் 'இதில் வராது' என்று தலைப்புப் போட்டு இன்னொரு பட்டியல். டேலிக்குள் நேரடியாக ஏற்ற மாட்டோம், எக்செல் கோப்பாகத் தருவோம். ஆட்கள் சம்பளம் வராது. மொபைல் ஆப் வராது. இதை எழுதக் கூச்சப்படாதீர்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி, "அதுவும் சேர்த்துதான்னு நெனைச்சேன்" என்ற ஒரு வரியில்தான் ஆரம்பிக்கும்.

அரை நாள் வேலை. செலவு ஒரு தாள். இந்தத் தாளைப் பார்த்து முதலாளி தலையாட்டாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. யாரிடம், எப்போது கேட்பது

ஆட்களின் பட்டியலை முதலில் எழுதுங்கள். பேருக்குப் பக்கத்தில் 'எதை முடிவு செய்யும் அதிகாரம் உள்ளவர்' என்று ஒரு கட்டம் வையுங்கள். கமிஷன் சதவீதத்தை மாற்றுவது முதலாளி. சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது கணக்குப்பிள்ளை. வரி எப்படிப் பிடிப்பது என்பது ஆடிட்டர். முதலாளிதானே பணம் கொடுக்கிறார் என்று வரி விதியையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்வது புதியவர்கள் வழக்கமாக விழும் குழி. அவரும் தெரியாது என்று சொல்ல மாட்டார், ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பார்.

நேரம் இந்த ஊரில் பெரிய விஷயம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது போனால் ஆட்கள் ஓய்வாக உட்கார்ந்து பேசுவார்கள், டீயும் வாங்கித் தருவார்கள். ஆனால் ஏலம் களைகட்டி நடப்பதைப் பார்க்க முடியாது. அவர்கள் நினைவிலிருந்து சொல்வதில் தகராறும் திருத்தமும் இருக்கவே இருக்காது. எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே சொல்வார்கள். ஆகவே இரண்டு முறை போங்கள். சீசனில் விடியற்காலையில் போய் வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். கேள்விகளைத் தடைக்காலத்திலோ, சீசனில் என்றால் ஏலமும் கணக்கும் முடிந்த மதியத்திலோ கேளுங்கள்.

ஆடிட்டரை மாதத்தின் 11-ஆம் தேதியையும் 20-ஆம் தேதியையும் ஒட்டி அழைக்காதீர்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு அந்தத் தேதிகளில்தான். 22-க்கு மேல் போனால் நிதானமாகப் பேசுவார். அவருடைய நேரத்துக்குக் கட்டணம் உண்டா, உண்டென்றால் யார் கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே முதலாளியிடம் பேசிவிடுங்கள்.

3. வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்

வாயால் சொல்வதைவிடக் காகிதம் அதிகம் சொல்லும். நான் இப்போது முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குபவை:

- ஏலச் சீட்டு, படகுக் கணக்குச் சீட்டு, வியாபாரிக்குக் கொடுக்கும் பில். எழுதாத வெற்றுப் படிவம் வேண்டாம், எழுதி முடித்தது வேண்டும்.
- ஒரு முழு மாத நோட்டின் படங்கள். அடித்துத் திருத்தின பக்கங்கள் கட்டாயம் இருக்கட்டும்.
- டேலியிலிருந்து லெட்ஜர் பட்டியல்.
- ஆடிட்டர் கேட்கும் மாத அறிக்கையின் மாதிரி.
- ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதன் நகல்.
- விலைப்பட்டியல், கமிஷன் பட்டியல். "அதெல்லாம் மனசுலயே இருக்கு" என்றால் அதையே ஒரு தேவையாக எழுதிக்கொள்ளுங்கள்: கமிஷனைப் பதிந்துவைக்க ஓர் இடம் வேண்டும்.

அடித்த பக்கங்களை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், விதிவிலக்குகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு நோட்டில் வஞ்சிரம் 18 கிலோ என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 'மறு' என்று ஒரே சொல். கேட்டால், ஏலத்தில் எடுத்தவர் சரக்கைத் தூக்காமல் போய்விட்டாராம், மறு ஏலம் விட்டார்களாம். விலை குறைந்தால் அந்த நஷ்டம் யாருடையது? முதல் ஆளா, படகா, கடையா? இந்தக் கேள்வி எந்தச் சந்திப்பிலும் வராது. அந்த ஒரு சொல்லைப் பார்த்தால்தான் வரும்.

படம் எடுக்கும்போது பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண்ணை மறைத்து எடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது துறைமுகத்தில் வெளியே போகக்கூடாத செய்தி. அது உங்கள் போனிலிருந்து கசிந்தால் அதற்கப்புறம் உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

4. சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், பிறகு உடையுங்கள்

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். கமிஷன் கடை முதலாளி இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்:

"படகு வந்ததும் பில்லப் போட்டு, கமிஷனப் புடிச்சிக்கிட்டு, பழைய பாக்கில கொஞ்சம் கழிச்சிட்டு, மீதிய கையில குடுத்துடணும். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் பாத்து பண்ணிக்கலாம்."

இதை உடனே அழகான வாக்கியமாக மாற்றிவிடாதீர்கள். முதலில் அவர் சொன்ன மாதிரியே, தேதியும் யார் சொன்னது என்பதும் போட்டு ஒரு தனி ஷீட்டில் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கையை வையுங்கள்.

'வந்ததும்': படகு கரைக்கு வந்ததுமா, ஏலம் முடிந்ததுமா? ஒரு படகின் மீனைப் பத்துப் பேர் பிரித்து எடுத்திருப்பார்கள். அதில் ஒருவர் கணக்கு நிற்கிறது என்றால் படகுக்குச் சீட்டுப் போடலாமா, காத்திருக்க வேண்டுமா?

'கமிஷன்': எந்தத் தொகைக்கு? ஏலம் போன மொத்தத்துக்கா, கழிவு போகவா? எல்லாப் படகுக்கும் ஒரே சதவீதமா?

'பழைய பாக்கி': டீசலுக்குக் கொடுத்த முன்பணம், ஐஸ் பாக்கி, வலை வாங்கக் கொடுத்த கடன் எல்லாம் ஒரே பாக்கியா, தனித்தனியா? கழிக்கும்போது எது முதலில்?

'கொஞ்சம்': யார் முடிவு செய்வது? இங்கே ஒரு தந்திரம் சொல்கிறேன். இந்த மாதிரிச் சொல்லுக்குச் சூத்திரம் தேடி அலையாதீர்கள். கேட்டுப் பார்த்தால், அது முதலாளி அன்றன்றைக்கு முகம் பார்த்து எடுக்கும் முடிவு என்று தெரியும். அப்படியானால் தேவை எளிது: தொகையை ஆளே அடிக்கட்டும், மென்பொருள் அதன் மேல் எல்லையை மட்டும் பார்க்கட்டும்.

'கையில': ரொக்கமா, வங்கியிலா, பாதி பாதியா? கையெழுத்து வாங்குகிறார்களா? ரொக்கத்துக்கு வருமான வரி வரம்பு ஏதாவது இருக்கிறதா என்பது ஆடிட்டருக்கான கேள்வி.

'நம்ம ஆளுங்க': இது விதிவிலக்கு. யாரை அப்படிக் குறிப்பது, யார் குறிக்கலாம், குறித்தால் என்ன மாறும்?

கேட்டு முடித்த பின் எழுதும் வரிகள் இப்படி இருக்கும்:

கணக்கு-014. ஒரு நடையின் (படகு ஒருமுறை கடலுக்குப் போய் வருவது) எல்லா விற்பனையும் பதிவாகி முடிந்ததும், மென்பொருள் அந்த நடைக்கான கணக்குச் சீட்டைக் காட்ட வேண்டும்.

கணக்கு-015. மென்பொருள், நடையின் மொத்த ஏலத் தொகைமீது அந்தப் படகின் பதிவில் உள்ள கமிஷன் சதவீதத்தைக் கணக்கிட வேண்டும்.

கணக்கு-016. கணக்குப்பிள்ளை பாக்கிப் பிடித்தத்தை அடிக்கும்போது, அது கமிஷன் போன மீதியைவிடவோ மொத்தப் பாக்கியைவிடவோ அதிகமானால், மென்பொருள் அதை ஏற்காமல் காரணத்தைக் காட்ட வேண்டும்.

இவற்றின் கீழே சோதனை: ஏலத் தொகை 40,000, கமிஷன் 5 சதவீதம், பாக்கி 12,000, பிடித்தம் 3,000 என்றால், கையில் 35,000, மீதிப் பாக்கி 9,000. பிடித்தம் 13,000 என்று அடித்தால் ஏற்கக் கூடாது. இப்படி எண் போட்டு எழுதிய சோதனையைக் கணக்குப்பிள்ளை ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். வாக்கியத்தை அவர் படிக்கவே மாட்டார், சும்மா சரி சரி என்பார்.

எழுதும்போது கவனிக்க இரண்டு விஷயங்கள். ஒரு வரியில் ஒரே ஒரு செயல். 'மற்றும்' வந்தால் இரண்டாக வெட்டுங்கள். அப்புறம், 'சரிபார்க்கப்பட வேண்டும்', 'அனுப்பப்பட வேண்டும்' என்று ஆளில்லாமல் எழுதாதீர்கள். யார் சரிபார்ப்பது, மென்பொருளா மனிதரா என்பது அதில் ஒளிந்துகொள்ளும்.

வாக்கியம் வரவில்லை என்றால் ஒரு வார்ப்பு இருக்கிறது. 2009-இல் ரோல்ஸ்-ராய்ஸில் விமான எஞ்சின் கட்டுப்பாட்டுத் தேவைகளுக்காக ஆலிஸ்டர் மாவினும் உடன் வேலை பார்த்தவர்களும் வெளியிட்டது, 'இயர்ஸ்' (EARS) என்பார்கள். தமிழில் நான் வைத்துக்கொள்வது: 'எப்போதும்…', 'இது நடந்ததும்…', 'இந்த நிலை நீடிக்கும்வரை…', 'இது தவறிப்போனால்…', 'இந்த வசதியை வாங்கியிருந்தால்…'. ஐந்தில் ஒன்றில் ஆரம்பித்து, 'மென்பொருள் இன்னது செய்ய வேண்டும்' என்று முடிக்க வேண்டும். எதிலும் அடங்காத வரி பெரும்பாலும் இன்னும் உடையாத வரி. 'இது தவறிப்போனால்' வகையில் உங்கள் பட்டியலில் வரிகள் குறைவாக இருந்தால், திரும்பப் போய் அடித்த பக்கங்களைப் பாருங்கள்.

5. வகை பிரித்து எண் போடுங்கள்

கைக்கு வந்த வரிகளை ஐந்து குவியலாகப் பிரிக்கிறேன். விதி (கமிஷன், வரி), செயல் (மென்பொருள் செய்வது), தரவு (எதைப் பதிந்துவைப்பது), தரம் (வேகம், பாதுகாப்பு), ஐந்தாவதாக ஆசை. 'பச்சை கலர் பட்டன்', 'அந்தக் கடையில இருக்கற மாதிரி' எல்லாம் ஆசைக் குவியலுக்குப் போகும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஆசைக்குப் பின்னால் சில சமயம் உண்மையான தேவை ஒன்று இருக்கும். பச்சைப் பட்டன் கேட்டவர் உண்மையில் கேட்டது, பணம் கொடுத்த சீட்டும் கொடுக்காத சீட்டும் தூரத்திலிருந்தே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதாக இருக்கலாம்.

விதியையும் செயலையும் கலக்காமல் வைப்பது ரொம்ப முக்கியம். விதி மாறும், செயல் அவ்வளவாக மாறாது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5, 18-க்கு மாறின. 'மென்பொருள் 12 சதவீதம் சேர்க்க வேண்டும்' என்று செயலுக்குள் விகிதத்தைப் புதைத்து எழுதியிருந்தால் அன்றைக்கு ராத்திரி கோடைத் திறக்க வேண்டியிருந்திருக்கும். 'பில் தேதியில் அமலில் உள்ள விகிதத்தைச் சேர்க்க வேண்டும்' என்று ஒரு வரி, விகித அட்டவணையில் 'எந்தத் தேதியிலிருந்து' என்று ஒரு கட்டம், அவ்வளவுதான். பழைய பில்லை இன்றைக்கு மறுபடி அச்சடித்தால் பழைய விகிதமே வர வேண்டும் என்பதையும் தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள்.

எண் போடுவதில் ஒரு குழி. 3.2.1 என்று ஆவணத்தில் இருக்கும் இடத்தை வைத்து எண் போட்டால், நடுவில் ஒரு வரி நுழைந்ததும் எல்லா எண்ணும் நகரும். வாடிக்கையாளர் கையில் உள்ள பழைய பிரிண்டில் 3.2.4 வேறு, உங்களுடையதில் வேறு. ஆகவே பிரிவுப் பெயரும் தொடர் எண்ணும் போதும்: ஏலம்-007, கணக்கு-016. நீக்கின எண்ணைத் திரும்ப வேறு வரிக்குக் கொடுக்கக் கூடாது. 'நீக்கப்பட்டது, காரணம் இது' என்று அப்படியே விட்டுவிடுங்கள்.

கருவிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கூகுள் ஷீட் அல்லது லிப்ரேஆபீஸ் கால்க் போதும். பத்திகள்: எண், வகை, வாக்கியம், யார் சொன்னது, முடிவு செய்பவர், சோதனை, முன்னுரிமை, நிலை, எந்த எண்ணைச் சார்ந்தது. கடைசிப் பத்தியை முதலில் சோம்பேறித்தனமாக விடத் தோன்றும். கமிஷன் விதி மாறினால் எந்தெந்த வரியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். தேவைகளை எழுதுவதற்கென்று பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ 29148 என்ற தரநிலை இருக்கிறது, 2018-இல் திருத்திய பதிப்பு. காசு கொடுத்து வாங்க வேண்டியது. இந்த அளவு வேலைக்கு அதை வாங்கத் தேவையில்லை.

கூடவே ஒரு சொற்பட்டியல் ஷீட். நடை, கூறு (ஏலத்துக்குப் பிரித்து வைக்கும் மீன் குவியல்), கழிவு, பாக்கி, பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள். கடைக்காரர் சொல்லும் சொல்லையே வையுங்கள், நீங்களாகப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காதீர்கள்.

6. பல நிபந்தனை உள்ள விதிக்கு வாக்கியம் வேண்டாம், அட்டவணை போடுங்கள்

இப்போது புதுச்சேரி உதிரிபாகக் கடைக்கு வருவோம். "வெளியூர்னா ஐஜிஎஸ்டி, உள்ளூர்னா ரெண்டா பிரியும்" என்று கடையில் சொல்வார்கள். (மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் மத்திய அரசின் சிஜிஎஸ்டி, மாநிலத்தின் எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு.) இதை அப்படியே எழுதினால் தொலைந்தோம். கடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஜிஎஸ்டி மாநிலக் குறியீட்டில் அது 33, தமிழ்நாடு. காரைக்காலுக்குப் போகிற வண்டி கடலூரைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள்ளேயே நெடுந்தூரம் ஓடித்தான் போய்ச் சேரும், ஆனால் அது புதுச்சேரியோடு சேர்ந்த 34. தூரத்துக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லை.

விற்பவர் புதுச்சேரியில் இருக்கிறார் என்று வைத்து:

| யாருக்கு, எங்கே இறங்குகிறது | வரி |
|---|---|
| ஜிஎஸ்டி பதிவுள்ள கடை, புதுச்சேரி வில்லியனூரில் இறக்குகிறோம் | சிஜிஎஸ்டி + எஸ்ஜிஎஸ்டி |
| பதிவுள்ள கடை, கடலூரில் இறக்குகிறோம் | ஐஜிஎஸ்டி |
| பதிவுள்ள கடை, காரைக்காலில் இறக்குகிறோம் | சிஜிஎஸ்டி + எஸ்ஜிஎஸ்டி |
| காரைக்கால் கடைக்கு பில், அவர் சொன்னபடி கடலூரில் வேறொருவரிடம் இறக்குகிறோம் | சிஜிஎஸ்டி + எஸ்ஜிஎஸ்டி |
| பதிவில்லாதவர், பில்லில் கடலூர் முகவரி | ஐஜிஎஸ்டி |
| பதிவில்லாதவர், பில்லில் முகவரி இல்லை | சிஜிஎஸ்டி + எஸ்ஜிஎஸ்டி |

நான்காவது வரிசையைப் பாருங்கள். சரக்கு கடலூரில் இறங்கினாலும், இறக்கச் சொன்னவரின் தொழில் இடம்தான் கணக்கு. கடைசி இரண்டும் 2023 அக்டோபர் 1 முதல் அமலான விதி. வாக்கியமாக எழுதியிருந்தால் இந்த மூன்றும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அட்டவணை போட்டால் காலியாக இருக்கும் கட்டம் தானாகவே கேள்வி கேட்கும்: பதிவுள்ள கடலூர் கடைக்காரர் தானே வந்து கவுண்டரில் எடுத்துப் போனால்? அதை நீங்கள் நிரப்பாதீர்கள். ஆடிட்டரிடம் அட்டவணையைக் கொடுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே சுருக்கொப்பம் வாங்குங்கள்.

இ-வே பில் (சரக்கு வண்டிக்கு எடுக்க வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) வரம்பும் அப்படித்தான். மாநிலம் தாண்டினால் சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் 1 லட்சத்துக்கு மேல். இந்த எண்கள் அமைப்புகள் பக்கத்தில் இருக்கட்டும், கோடுக்குள் வேண்டாம்.

7. தரத் தேவைகள்: 'வேகமா இருக்கணும்' என்பதை எழுதாதீர்கள்

எவ்வளவு வேகம் என்று எண் போடுங்கள். ஏலத்தில் ஒரு கூறுக்கும் அடுத்த கூறுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நின்று பார்த்து, அதற்குள் ஒரு விற்பனையைப் பதிந்து முடிக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஈரக்கையோடு, ஐஸ் தண்ணீருக்கு நடுவில் அடிப்பார்கள். சின்னப் பட்டன், நீளமான டைப்பிங் எல்லாம் அங்கே எடுபடாது.

மின்சாரமும் நெட்டும் போகும் என்பதை விதிவிலக்காக எழுதாமல் வழக்கமான நிலையாக எழுதுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைப் புயல் நேராக வந்து அடித்திருக்கிறது. 'நெட் இல்லாதபோது மென்பொருள் ஒரு முழு நாள் விற்பனையைக் கணினியிலேயே வைத்திருந்து, நெட் வந்ததும் ஒருமுறை மட்டும் அனுப்ப வேண்டும்.' 'ஒருமுறை மட்டும்' என்ற சொல்லை விட்டால் பில் இரட்டிப்பாகும். பேக்கப் எங்கே போகிறது, எத்தனை மணிக்கு, யார் திறந்து பார்த்துச் சோதிப்பது என்பதும் இங்கே.

தமிழ்ப் பிரிண்டைப் பற்றி ஒரு சோதனை வரி சேருங்கள். கடையில் ஏற்கெனவே இருக்கும் தெர்மல் பிரிண்டரில் 'வஞ்சிரம்', 'ஸ்ரீ' இரண்டும் உடையாமல் வருகிறதா? இதைக் கடைசியில் பார்த்தால் பிரிண்டரே புதிதாக வாங்க வேண்டி வரலாம். அந்தச் செலவு யார் தலையில்?

8. முன்னுரிமை

எல்லாமே முக்கியம் என்பார்கள். டாய் கிளெக் 1994-இல் ஆரக்கிளில் கொண்டுவந்த 'மாஸ்கோ' (MoSCoW) முறைப்படி கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது இல்லை என்று நான்காகப் பிரிப்பது வழக்கம். பெயரைச் சொல்லி விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: "இது இல்லைன்னா முதல் நாள் கடையைத் திறக்க முடியுமா?" முடியும் என்றால் அது கட்டாயம் இல்லை. 'இப்போது இல்லை' என்று போனதை எழுதி வைப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

9. கையெழுத்து, பணம், மாற்றம்

தேவை எழுதும் வேலைக்குத் தனியாகக் காசு வாங்குங்கள். மொத்த மதிப்பீட்டில் 10 முதல் 15 சதவீதம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். முன்பணமாக, திரும்பக் கொடுக்காத தொகையாக. மேற்கொண்டு வேலை என்னிடமே வந்தால் மொத்தத்தில் கழித்துவிடுவேன். வராவிட்டால் ஷீட் அவர்களுடையது, வேறு யாரிடமும் கொடுத்துச் செய்துகொள்ளலாம். இலவசமாக எழுதிக் கொடுத்தால் அதை வைத்து இன்னொருவரிடம் விலை கேட்பார்கள். எனக்கு நடந்திருக்கிறது.

ஒரு கடை, நான்கைந்து பேர் என்றால் முதல் தாளிலிருந்து கையெழுத்து வரை மூன்று, நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு ஒரு வாரம்கூட ஆகாது. மீதி நாட்களெல்லாம் ஆளுக்காகக் காத்திருப்பதில் போகும்.

கையெழுத்துக்கு ஷீட் முழுவதையும் கொடுக்காதீர்கள், படிக்க மாட்டார்கள். எல்லைத் தாள், கட்டாய வரிகள், அவற்றின் எண் போட்ட சோதனைகள், விதி அட்டவணைகள். இவ்வளவையும் அச்சடித்து, முடிவு செய்பவர் ஒவ்வொருவரிடமும் அவருடைய பக்கத்தில் மட்டும் வாங்குங்கள். பக்கத்தின் மேலே பதிப்பு எண்ணும் தேதியும்.

அதற்கப்புறம் மாற்றம் வரும், நிச்சயம் வரும். போனில் சொன்னால் "சரிங்க, எழுதி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு, எந்த எண் மாறுகிறது, எந்த எண்கள் பாதிக்கும், எவ்வளவு நாள், எவ்வளவு காசு என்று நான்கு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பதிலுக்கு 'ஓகே' வந்த பிறகே கை வையுங்கள். சின்ன மாற்றத்துக்குக் காசு வாங்கப் பிடிக்காவிட்டால் வாங்க வேண்டாம், ஆனால் பூஜ்யம் என்று எழுதியாவது அனுப்புங்கள்.

மென்பொருளைக் கடையில் ஓட்டத் தொடங்கும் தேதி விஷயத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தையும், தடை முடிந்து படகுகள் முதல் நடை திரும்பும் ஜூன் மூன்றாம் வாரத்தையும் தவிருங்கள். அந்த வாரத்தில் கடையில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. ஜூலை வாக்கில் நோட்டும் மென்பொருளும் இரண்டு வாரம் சேர்ந்தே ஓடட்டும். தினமும் சாயங்காலம் இரண்டின் மொத்தத்தையும் கணக்குப்பிள்ளை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடட்டும். கடைசித் தவணை அந்த இரண்டு வாரம் முடிந்த மறுநாள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.